நைட்ரஜன் காலியிட ஆற்றல் இடத்துக்கு இடம் மாறுவது பிழையா?

வணக்கம். 25 சதவீத இண்டியம் கலந்த கேலியம் நைட்ரைடில், 72 அணு சூப்பர்செல்லில் (கணக்குக்காகத் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் படிகத் துண்டில்) ஒவ்வொரு நைட்ரஜனாக நீக்கும்போது உருவாக்க ஆற்றல் (அந்தக் காலியிடத்தை உண்டாக்கத் தேவைப்படும் ஆற்றல்) அரை எலக்ட்ரான் வோல்ட் வரை வேறுபடுகிறது, கணக்கு குவியவில்லையோ (நிலையான விடைக்கு வந்து சேரவில்லையோ) என்று கேட்டிருக்கிறீர்கள். அணு விசைகள் குவிந்திருந்தால் கவலை வேண்டாம்; கலவையின் இயல்பே அதுதான்.

நைட்ரஜனைச் சுற்றி நான்கு உலோக அணுக்கள் உண்டு. அவற்றில் எத்தனை இண்டியம் என்பதே முதல் கேள்வி. இண்டியம்-நைட்ரஜன் பிணைப்பு கேலியம்-நைட்ரஜன் பிணைப்பைவிட வலுக்குறைந்தது. எனவே இண்டியம் கூடக்கூட நீக்குவது எளிதாகும். சீரற்ற கலவையில் 0, 1, 2, 3, 4 இண்டியம் அண்டையாக இருக்கும் இடங்கள் முறையே ஏறத்தாழ 32, 42, 21, 5, 0.4 சதவீதம். உங்கள் முடிவுகளை இப்படி வகை பிரித்து வரைந்து பாருங்கள். சிதறல் பெருமளவு அடங்கிவிடும். மிச்சம் இருப்பது தொலைவிலுள்ள அணுக்களின் வேலை.

தயவுசெய்து நேர் சராசரி மட்டும் எடுக்காதீர்கள். 1000 கெல்வினில் 0.3 எலக்ட்ரான் வோல்ட் குறைந்த இடம் சுமார் 32 மடங்கு எளிதாகக் காலியாகும். ஒவ்வொரு வகையின் பங்கையும் போல்ட்ஸ்மான் காரணியால் (ஆற்றலையும் வெப்பநிலையையும் பொறுத்த நிகழ்தகவு எடையால்) பெருக்கிக் கூட்டுங்கள். அரிதான வகைகளும் அப்போது கணக்கில் வந்துவிடும். அவற்றை விட்டுவிடத்தான் பலருக்கும் ஆசை!

மின்னூட்டம் உள்ள நிலைகளுக்கு 72 அணு போதாது. செல்லைப் பெரிதாக்கி, அண்டைச் செல்களில் உள்ள மின்னூட்டப் பிரதிகளால் வரும் பிழையைச் சரிசெய்யும் ஃப்ரைசோல்ட் திருத்தத்தையும் சேருங்கள். பிபிஇ (PBE) என்ற வழக்கமான அடர்த்திச் சார்பி இண்டியம் நைட்ரைடின் ஆற்றல் இடைவெளியை ஏறக்குறைய விழுங்கிவிடும் என்பதால், குறைபாட்டு மட்டங்களுக்கு எச்எஸ்இ (HSE) போன்ற கலப்புச் சார்பியே நல்லது.