வண்டி கேள்வி பதில்: மலை வீட்டுக்கு எந்த சொகுசு எஸ்யூவி?

கேள்வி: வணக்கம் சார், கோத்தகிரி பக்கத்துல கட்டபெட்டுல இருக்கோம். வீட்ல அஞ்சு பேரு, நான், மனைவி, 11 வயசு பொண்ணு, 6 வயசு பையன், அப்புறம் எங்கம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, பையனுக்கு ரெண்டு வளைவு தாண்டுனாலே வாந்தி. வாரா வாரம் கோயம்புத்தூர் போயிட்டு வருவோம். பென்ஸ் ஜிஎல்சி, பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, வோல்வோ எக்ஸ்சி60, இந்த நாலுல ஒன்னு எடுக்கலாம்னு இருக்கோம். மலை ஏறுறதுக்கு எது பவரு ஜாஸ்தி சார்?

பதில்: பவர பத்தி கவலையே படாதீங்க, நாலுமே கோத்தகிரி ரோட்டுல நாலாவது ஆள் அஞ்சாவது ஆள் ஏறுனாலும் அசராம ஏறும். நாலும் டர்போ எஞ்சின், உயரம் போகப்போக காத்து மெலிசானாலும் டர்போ அத அமுக்கி உள்ள தள்ளிடும், அதனால டர்போ இல்லாத வண்டி மாதிரி மூச்சு வாங்காது. மலையில இருக்கிறவங்க பாக்க வேண்டியது வண்டி எப்படி எறங்குதுன்னு. ஷோரூம்காரங்க டெஸ்ட் டிரைவுக்கு அவினாசி ரோட்டுல ஒரு ரவுண்டு கூட்டிட்டு போய் மிதிச்சு காட்டுவாங்க, அதுல உங்களுக்கு ஒன்னுமே தெரியாது. வண்டிய கட்டபெட்டுக்கு கொண்டு வர சொல்லுங்க, இவ்வளவு பணம் குடுக்குறவங்க கேட்டா கொண்டு வருவாங்க, இல்ல நீங்க மேட்டுப்பாளையம் எறங்கி அங்கருந்து குஞ்சப்பனை வரைக்குமாவது ஏறி எறங்கி பாருங்க, அம்மாவும் பையனும் கண்டிப்பா கூட இருக்கணும்.

எறங்கும்போது கியர டியிலயே விட்டா வண்டி தானா மேல் கியருக்கு போயிடும், நீங்க பிரேக்கு மேலயே கால வச்சுட்டு வருவீங்க, அடிவாரம் வரும்போது சக்கரத்துக்கிட்ட கருகுன வாசனை அடிக்கும். ஸ்டியரிங் பின்னாடி இருக்குற சின்ன பட்டைய (பேடில்னு சொல்வாங்க) தட்டி கியர கொறைச்சு, பிரேக்க தொடாமலே வேகம் ஏறாம நிக்குதான்னு பாருங்க. ஏறும்போது டீசல் எஞ்சினுக்கு ஒரு அனுகூலம் இருக்கு, கீழ் ஆர்பிஎம்லயே இழுவை கெடைக்கும். இந்த இழுவையதான் டார்க்னு சொல்றாங்க, டீசல்ல ஜிஎல்சி 220டி 440 நியூட்டன் மீட்டர், எக்ஸ்3 20டி 400. பெட்ரோல்னா ஜிஎல்சி 300ல 400, க்யூ5ல 370, எக்ஸ்3 20 பெட்ரோல்ல 310. ஆடி 2020ல பிஎஸ்6 புகை விதி வந்ததுல இருந்து இங்க டீசலே விக்கிறது இல்ல, வோல்வோ 2024ல உலகம் முழுக்கவே டீசல் தயாரிப்ப நிறுத்திட்டாங்க, அதனால டீசல்னா உங்க லிஸ்ட்ல ஜிஎல்சியும் எக்ஸ்3யும் மட்டும்தான்.

இப்ப பையன் வாந்திக்கு வருவோம், ஏன்னா உங்க வீட்ல வண்டிய முடிவு பண்ண போறது அவன்தான். வளைவுல வண்டி சாயுறது ஒன்னு, முன்னும் பின்னுமா தலைய ஆட்டுற ஆட்டம் இன்னொன்னு, ரெண்டும் சேந்துதான் வயித்த கலக்கும். ஏறும்போது கால அழுத்துனா கியர் ரெண்டு மூணு கீழ எறங்கி ஒரு குதி குதிக்கும் பாருங்க, அது டார்க் ஜாஸ்தி இருக்குற டீசல்ல கம்மி, இருக்குற கியர்லயே இழுத்துட்டு போயிடும். ஜிஎல்சில 9 கியரு, எக்ஸ்3லயும் எக்ஸ்சி60லயும் 8, மூணும் எஞ்சின் இழுவைய ஆயில் வழியா கியருக்கு கடத்துற டார்க் கன்வெர்ட்டர்ங்கிறதால ஊர்ந்து போற ட்ராஃபிக்ல மெதுவா நழுவும், க்யூ5ல ரெண்டு கிளட்ச் மாறி மாறி புடிக்கிற 7 கியர் டபுள் கிளட்ச், சீசன்ல பஸ்சுக்கு பின்னாடி மேட்டுல நின்னு நின்னு போகும்போது லேசா ஒரு உதறல் தெரியும். எக்ஸ்3 ஓட்டுறவங்களுக்கு ரொம்ப சந்தோஷமான வண்டி, வளைவுல கத்தி மாதிரி திரும்பும், ஆனா சந்தோஷத்துல நீங்க வேகமா திருப்புவீங்க, பின் சீட்டுல பையன் கவர் கேப்பான். சக்கரம் 20 இஞ்ச் வேணாங்க, பாக்க அழகு, மழைக்கப்புறம் நம்ம ரோட்டு குழியில டயர் பக்கவாட்டுல வீங்கிடும், 18 இல்ல 19 போதும்.

அம்மா விஷயம் அவசரப்படாம பாக்கணும். கதவ தொறந்து அவங்கள அவங்களாவே ஏற விடுங்க, நீங்க கை குடுக்காதீங்க. சீட்டு அவங்க இடுப்பு உயரத்துல இருந்தா அப்படியே உக்காந்து கால உள்ள இழுத்துக்குவாங்க, அத விட ஒசரம்னா முட்டிய மடக்கி ஏறணும், அங்கதான் வலி. எறங்கும்போது சேலை கதவுக்கு கீழ இருக்குற பட்டையில ஒரசுதான்னு பாருங்க, மழைக்காலத்துல அந்த பட்டை முழுக்க செம்மண்ணு அப்பியிருக்கும், கெண்டைக்கால் பக்கம் சேலை பூரா கறையாகும், முட்டி வலிக்காரங்க அத தாண்டி கால எட்டி வைக்கவும் முடியாது. தனியா ஃபுட்போர்டு மாட்டிக்கலாம்னு சொல்வாங்க, ஈரத்துல வழுக்கும், குறுகலா இருந்தா பாதி பாதம்தான் நிக்கும், மாட்டுறதா இருந்தா சொரசொரப்பு பட்டை இருக்குறதா பாத்து மாட்டுங்க. எக்ஸ்சி60ல ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப்பை தாங்குற ஏர் சஸ்பென்ஷன் இருக்கு, எறங்கும்போது வண்டி கொஞ்சம் தாழும், கரடு ரோட்டுக்கு ஒசத்திக்கவும் செய்யலாம், சீட்டும் நீண்ட தூரத்துக்கு முதுகுக்கு ரொம்ப இதமா இருக்கும். அம்மாவ பின் சீட்டுல பெல்ட் போட சொல்லுங்க, மூணு முனை சீட் பெல்ட்ட 1959ல கொண்டு வந்து மத்த கம்பெனிகளும் எடுத்துக்கட்டும்னு திறந்து விட்டதே வோல்வோதான், அத பூட்டாம பின்னாடி உக்காற வைக்கிறது எனக்கு ஏத்துக்கவே முடியாத விஷயம்.

அகலம்னு பாத்தா ஜிஎல்சி 1,890 மில்லிமீட்டர், க்யூ5 1,893, எக்ஸ்சி60 1,902, எக்ஸ்3 1,920. கண்ணாடியோட சேத்தா எல்லாமே 2 மீட்டர தாண்டும். உங்க எஸ்டேட் ரோட்டுல எதுக்க ஜீப் வந்தா மேல ஏறி வர்ற வண்டிக்குதான் வழி விடணும், எறங்குற நீங்கதான் ஒதுங்கி நிக்கணும், அந்த நேரத்துல வண்டிய சுத்தி நாலு பக்கமும் காட்டுற 360 கேமரா உயிர காப்பாத்தும், அது இல்லாத வேரியண்ட்ட எடுக்காதீங்க. நாலுலயும் அஞ்சு சீட்டுன்னு சொன்னாலும் பின்னாடி நடுவுல தரை மேடா இருக்கும், நடுவுல உக்காறது பொண்ணுதான், அவளையும் ஒரு தடவ உக்கார வச்சு கேளுங்க.

என் முடிவு: வாராவாரம் கோயம்புத்தூர்னா ஜிஎல்சி 220டி. அம்மாவுக்கு ஏறி எறங்க எக்ஸ்சி60 தான் சுலபமா இருக்குன்னு சொன்னாங்கன்னா யோசிக்காம எக்ஸ்சி60 எடுங்க, டீசல் மைலேஜ் போனா போகட்டும். காசு கணக்கும் ஒரு தடவ போட்டுக்குங்க, 20 லட்சத்துக்கு மேல இருக்குற வண்டிக்கு 2023 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல 20 சதவீதம் ரோடு டாக்ஸ், 70 லட்சம் வண்டின்னா அதுவே 14 லட்சம், அதுக்கு மேல இன்சூரன்ஸ் வேற.

கேள்வி: நாங்க கொடைக்கானல் நாயுடுபுரம். பிள்ளைங்கள ஸ்கூல்ல விடுறது, மூஞ்சிக்கல் மார்க்கெட், மாசத்துக்கு ஒரு தடவ வத்தலக்குண்டு, அவ்வளவுதான் எங்க ஓட்டம். அவரு டீசல் தான் மலைக்குங்கிறாரு, எனக்கு லெக்சஸ் என்எக்ஸ் ஹைப்ரிட் புடிச்சிருக்கு. யார் சொல்றது சரி?

பதில்: நீங்க சொல்றது சரிம்மா, உங்க ஓட்டத்துக்கு. போன கேள்விக்கு டீசல் சொன்ன ஆளுதான் இங்க வேணாங்குறேன், காரணம் இருக்கு. பிஎஸ்6 டீசல்ல சைலன்சர் பக்கம் டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு, புகை கரிய புடிச்சு வச்சுக்கும், வண்டி நல்லா சூடாகி கொஞ்ச நேரம் ஓடுனாதான் அந்த கரி எரிஞ்சு சாம்பலாகும். காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்ணி ஸ்கூல் வரைக்கும் போய் ஆஃப் பண்ணா எஞ்சின் சூடே ஏறாது. வத்தலக்குண்டு எறங்கும்போதும் எரியாது, ஏன்னா எறக்கத்துல எஞ்சினுக்கு வேலையே இல்ல, புகை ஆறிப்போயிதான் வரும், திரும்பி ஏறும்போதுதான் சூடு கெடைக்கும், மாசத்துக்கு ஒரு ஏத்தம் பத்தாது. கோத்தகிரிக்காரங்க வாராவாரம் மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறுறாங்க, அவங்களுக்கு அது தானா சுத்தமாயிடும். உங்க வீட்டுக்காரர்கிட்ட இத சொல்லுங்க, டேஷ்போர்டுல டிபிஎஃப் லைட் எரிஞ்சா கீழ எறங்கி சர்வீஸ் சென்டர் தேடணும், கொடைக்கானல்ல இந்த வண்டிங்களுக்கு சர்வீஸ் கெடையாது.

நீங்க சொல்ற ஹைப்ரிட், என்எக்ஸ் 350எச்ல 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேந்து இருக்கு, எஞ்சினுக்கு டர்போ கெடையாது. கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி, டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பவர இழக்கும், ஆக அஞ்சுல ஒரு பங்கு போயிடும். ஆனா கூட இருக்குற மோட்டாருக்கு காத்து மெலிசு கெட்டிங்கிறதெல்லாம் கெடையாது, அது முழுசா தள்ளும், அதனால ஊருக்குள்ள கொறை தெரியாது, பெருமாள்மலை ஏத்தத்துல பஸ்ஸ ஓவர்டேக் பண்ணும்போது மட்டும் எஞ்சின் சத்தமா கத்தும். அகலமும் 1,865 தான், உங்க ஊரு சந்துக்கு அது பெரிய விஷயம். எறக்கத்துல ஒன்னு தெரிஞ்சுக்குங்க, ஹைப்ரிட் பேட்டரி சின்னது, நீண்ட எறக்கத்துல சார்ஜ் ஏறி சீக்கிரம் நெறஞ்சிடும், நெறஞ்சதுக்கப்புறம் எஞ்சினே சுத்தி வண்டிய புடிச்சு நிறுத்தும், கால எடுத்துட்டு இருக்கும்போதே சத்தம் ஏறும், பயப்படாதீங்க, அது பிரேக்குக்கு உதவி பண்ணுது.

மிஸ்ட் எறங்குற ஊருங்கிறதால இன்னொன்னும் சொல்றேன், இப்ப வர்ற வண்டில பாதி பட்டன் ஸ்க்ரீனுக்குள்ள போயிடுச்சு. ஷோரூம்ல உக்காந்து, ரோட்டுல இருந்து கண்ண எடுக்காம முன் கண்ணாடி மேல படியுற பனிய போக்குற டீமிஸ்டர போட முடியுதான்னு பாருங்க. ஏழு ரோட்டுல கண்ணாடி மொத்தமா மூடிக்கும்போது மெனு தேடிட்டு இருக்க முடியாது.

கேள்வி: குன்னூர்ல இருந்து எழுதுறேங்க. புதுசுக்கு பட்ஜெட் இல்ல, நாலஞ்சு வருஷம் ஓடுன சொகுசு எஸ்யூவி 40 லட்சத்துக்குள்ள வருது. வாங்கலாமா, என்ன பாக்கணும்?

பதில்: வாங்கலாங்க, ஆனா விலை பேசும்போது விக்கிறவரு அன்னைக்கு குடுத்த ஆன் ரோடு விலைய சொல்லுவாரு, அத வச்சு கணக்கு போடாதீங்க. 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி பெரிய எஸ்யூவிக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி அதுக்கு மேல 22 சதவீதம் செஸ்ங்கிற கூடுதல் வரி, மொத்தம் 50, இப்ப 40 தான், புதுசோட விலை எறங்குனா பழசும் எறங்கணும்.

மலையில ஓடுன வண்டின்னா முதல்ல பிரேக் டிஸ்க். சக்கரத்து இடுக்குல வெரல விட்டு டிஸ்க் ஓரத்த தடவி பாருங்க, ஓரத்துல மட்டும் வரப்பு மாதிரி மேடா நிக்குதுன்னா நடுவுல தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், வண்டி ஆறி இருக்கும்போது தடவுங்க. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துன பில்லு இருக்கணும், பழைய ஆயில் ஈரத்த இழுத்து வச்சிருக்கும், பர்லியார் எறக்கத்துல சூடாகி கொதிச்சா பெடல் அப்படியே உள்ள போகும். அடுத்து சன்ரூஃப். அத தொறந்து நாலு மூலையிலயும் சின்ன ஓட்டை இருக்கும், சில்வர் ஓக் எலையும் பூவும் மக்கி அத அடைச்சிருக்கும், ஒரு டம்ளர் தண்ணிய மெதுவா ஊத்துங்க, கீழ டயர் பக்கம் சொட்டணும். சொட்டலன்னா தண்ணி உள்ள எறங்குது, கால் மேட்ட தூக்கி மோந்து பாருங்க, பூஞ்சை வாசனை வந்துச்சுன்னா அந்த வண்டிய விட்டுடுங்க, ஏன்னா இந்த மாதிரி வண்டில தரைக்கு அடியிலயும் சீட்டுக்கு அடியிலயும் ஒயரிங்கும் எலக்ட்ரானிக்ஸும் ஓடுது. பானட்ட தூக்கி எலி கடிச்ச ஒயரு, டேப் சுத்துன ஒயரு இருக்கான்னும் டார்ச் அடிச்சு பாருங்க. டிக்கி மேட்ட தூக்கி ஸ்டெப்னி இருக்கா, ஜாக்கி இருக்கான்னு பாருங்க, ராத்திரி காட்டேரி பக்கம் பஞ்சரானா பம்ப் மட்டும் வச்சிட்டு ஒன்னும் பண்ண முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காசு கட்டி ஒரு முழு செக்கப் பண்ணி ரிப்போர்ட் வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க, விக்கிறவரு அதுக்கு ஒத்துக்கலன்னா கெளம்பி வந்துடுங்க.

கேள்வி: ஊட்டிக்கு ஆல் வீல் டிரைவ், அதான் நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, அவசியமா?

பதில்: தார் ரோட்டுக்கு அவசியம் இல்ல, ஆனா நனைஞ்ச புல்லு மேலயோ சேறு புடிச்ச எஸ்டேட் மேட்டுலயோ வீடு இருந்தா ரொம்ப உதவும். கெளம்புறதுக்கும் ஏறுறதுக்கும்தான் அது, பிரேக் புடிச்சு நிக்கிறதுக்கு நாலு டயரோட புடிப்புதான் எல்லா வண்டிக்கும், அதனால கல்லட்டி எறக்கத்துல போறவங்க டயர் பட்டன் தேயறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க.