அப்பாவுக்குத் திடீர் மாரடைப்பு, வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம். இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள், யாரிடம் உதவி கேட்டீர்கள்?

அப்பா ஐசியுவில் இருக்கிறார், நீங்கள் வெளியே நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மன்னார்குடிப் பக்கம் கிராமம், தையல் வேலை. 2023 ஐப்பசியில் என் அம்மாவுக்கு நடந்ததை மட்டும்தான் சொல்லத் தெரியும். "மருத்துவம் படிக்காதவள் ஏன் பேசுகிறாள்" என்று கேட்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை நாலு மணி, வெளியே அடைமழை. அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. தாடை இழுக்கிறது, முதுகில் குழவிக்கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். அந்தக் குளிரிலும் ஜாக்கெட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தவள் நான்தான். தொட்டுப் பார்த்துவிட்டும், முந்தின நாள் வைத்த மொச்சைக்கொட்டைக் குழம்பின் மேல் பழியைப் போட்டு ஓமவாட்டர் கொடுத்தேன். அப்புறம் கடைக்காரரை எழுப்பி சோடா வாங்கி வந்தேன். ஒரு ஏப்பம் வந்தது. "பாத்தியா, வாயு இறங்கிடுச்சு" என்று சொன்னேன். இரண்டரை மணி நேரம் அப்படியே போயிற்று. மாரடைப்பு என்றால் எல்லோருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரிதான் வரும் என்று நினைத்திருந்தேன். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் சில நேரம் இப்படி மறைமுகமாகவும் வருமாம்.

உங்களுக்கும் இதே மாதிரி ஏதாவது மனதில் ஓடும். "முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்று யாராவது உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருப்பார்கள். எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரும் அன்றைக்கு ராத்திரி ஒரு வாய் காபிகூட வாங்கித் தராதவர்கள்.

விடிந்ததும் ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். பக்கத்து வீட்டு அண்ணன் கிளம்பும்போதே நெஞ்சுவலிக்குப் போடுகிற சார்பிட்ரேட் மாத்திரையை நீட்டி நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். நல்லவேளை, வைக்கவில்லை. அங்கே பிரஷர் பார்த்தபோது மேல் அளவே 90தான் இருந்தது. அந்த மாத்திரை போட்டிருந்தால் இன்னும் இறங்கியிருக்கும் என்றார் நர்ஸ். ஈசிஜி எடுத்தவுடனே அவர் முகம் மாறியது. ஒரு கையால் 108க்குப் போன் போட்டுக்கொண்டே இன்னொரு கையால் அம்மாவின் உள்ளங்கையில் மாத்திரைகளை எண்ணி வைத்தார். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14. அந்த வருஷம்தான் 'இதயம் காப்போம்' என்று அரசு ஆரம்பித்திருந்த திட்டம் அது. அம்மா அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "வெறும் வயித்துல எப்படிம்மா இத்தனை?" என்று கேட்டார். அந்த நர்ஸ் சிரித்தார். அந்த ஒரு சிரிப்பில்தான் எனக்கு மூச்சே வந்தது.

அப்புறம் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். சிகிச்சையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்து, அது மறுபடி மூடாமலிருக்க ஒரு ஸ்டென்ட், அதாவது சின்ன வலைக்குழாய், வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் நடந்தது. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

சம்மதப் படிவத்தை எடுத்து வந்த பையன் என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் பார்த்தான். "ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்றான். அப்பா இல்லை. கணவர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தார். தம்பி சிங்கப்பூரில். நான்தான் மகள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றால், "பெரியவங்க யாராச்சும் இருந்தா நல்லது மேடம்" என்கிறான். உள்ளே அம்மா. ஒவ்வொரு நிமிஷமும் இதயத்தின் சதை செத்துக்கொண்டிருக்கிறது என்று அதே ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷமாவது போயிருக்கும்.

அப்போது படியேறி வந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. பதினோரு வருஷமாக எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆட்டோக்காரர் சொல்லித் தெரிந்திருக்கிறது. பையன் நிம்மதியாகப் படிவத்தை அவர் பக்கம் நீட்டினான். சித்தப்பா வாங்கவில்லை. "என்னை ஏன் தம்பி பாக்குற? பெத்த பொண்ணு நிக்குது, அது போடும்" என்றார். போட்டேன். என் கையெழுத்து கோணலாக இருந்தது, அது வேறு விஷயம். பதினெட்டு வயது தாண்டிய மகள் கையெழுத்துப் போட எந்தத் தடையும் இல்லை. உங்கள் வீட்டிலும் பெண்கள்தான் நிற்கிறீர்கள் என்றால் தயங்காதீர்கள். குரலை உயர்த்துங்கள்.

பணம் பற்றியும் கவலை இருக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை வழி இருக்கிறது. ஆஸ்பத்திரி அந்தத் திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்களிடம் கார்டு வரும்வரை என்று 50,000 முன்பணம் கட்டச் சொன்னார்கள். செயினை அடகு வைத்தேன். பிறகு திருப்பித் தந்தார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது 29,600. அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேலெல்லாம் வாங்கியிருக்கிறார்கள். பில்லில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனியாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

எங்கள் ரேஷன் கார்டும் ஆதாரும் வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. சாவியை வாங்கிக்கொண்டு போய் எடுத்து வந்தவரும் சித்தப்பாதான். பதினோரு வருஷம் கழித்து எங்கள் வாசற்படி ஏறியிருக்கிறார். நாலு ராத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தார். அதற்காக, எங்கள் சண்டைக்குக் காரணமான வேலியைத் தள்ளிப் போட்டாரா என்றால், இல்லை. ஒன்றரை அடி எங்கள் மனையில்தான் இன்னமும் நிற்கிறது. அளக்கச் சொல்லிப் பணம் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. போனால் சர்வேயர் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க. எந்த ஃபீல்டு என்று தெரியவில்லை, எங்கள் ஃபீல்டுக்கு மட்டும் வருவதில்லை. சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

சொல்ல வந்தது இதுதான். "எது வேணும்னாலும் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். நீங்களாகவே ஆளுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். எங்கள் மாட்டைப் பக்கத்து வீட்டு அண்ணி கறந்தார். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பியது மாமியார். உறவுக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்கிற வேலையைத் தம்பிக்குக் கொடுத்தேன், அவனால் சிங்கப்பூரிலிருந்து செய்ய முடிந்தது அதுதான். "பம்பிங் எவ்வளவு?" என்று கேட்டே கொல்வார்கள், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தை வெளியே தள்ளுகிற அளவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 40 சதவீதம் என்றார்கள். சாதாரணமாக 55க்கு மேல் இருக்குமாம். 40 என்றதும் ஏதோ பரீட்சையில் கோட்டைவிட்ட மாதிரி உச்சுக்கொட்டினார்கள். வருகிறவர்கள் எல்லாரும் சர்க்கரைக்காரருக்கு ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார்கள், ஒன்பது பாட்டில். வேகமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களும் உண்டு. அது பொய், அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆனால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் அம்மா அழ ஆரம்பித்தார். பால் பொங்கினால் அழுகை, நாய் குரைத்தால் அழுகை. நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவர் மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பேன். மாரடைப்புக்கு அப்புறம் மனச்சோர்வு வருவது சகஜம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் 14416க்குப் போன் செய்தேன், அரசாங்கத்தின் மனநல ஆலோசனை எண், இலவசம், தமிழிலேயே பேசுகிறார்கள். பேசியது அம்மாவுக்காக என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் அழுதது நான். சோடா கதையை முதன்முதலில் சொன்னது அந்த முகம் தெரியாத பெண்ணிடம்தான்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வெந்தயமும் பூண்டும் குழம்புக்குப் போதும்.

இன்னொன்று. ஈசிஜி தாள் சூட்டில் அச்சாகிற வகை, நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். முதல் நாள் எடுத்ததை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், பின்னால் ஒவ்வொரு டாக்டரும் கேட்பார். எங்களுடையது வெறும் கட்டம் போட்ட தாளாகிவிட்டது. அம்மா அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.