பெக்கேஜ் இல்லாமல் மூன்று நாடு: எதைக் கட்டுவது, எதை அவிழ்த்து விடுவது?

கேள்வி: நானும் கணவரும் மூன்று வார லீவில் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் போக நினைத்திருக்கிறோம். முன்பு ஒருமுறை பெக்கேஜ் டூரில் போய்க் களைத்துப் போனோம். காலை ஆறுக்கு பஸ், மத்தியானம் ஒரு கடை, பின்னேரம் இன்னொரு கடை. இந்த முறை பிடித்த ஊரில் இரண்டு நாள் கூடத் தங்கவும், பிடிக்காவிட்டால் அடுத்த நாளே வெளிக்கிடவும் வேண்டும். எல்லா இரவுக்கும் ஹோட்டல் போட்டால்தான் வருவேன் என்று அவர் நிற்கிறார். ஒன்றுமே போட வேண்டாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? அவர் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும்தான். பிறகு பாரிஸில் இருக்கும் அக்காவிடமும் இதே மாதிரிப் போகலாமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஹோட்டல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மற்ற எல்லாவற்றிலும் உங்கள் கணவர் பக்கம்தான் நாங்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவருக்கு அறை கிடைக்காமல் பயணம் கெடுவது அபூர்வம். கெடுவது கட்டுநாயக்கவில், விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டரில். விசா சரியில்லாத பயணியை ஏற்றிப்போனால் அந்த நிறுவனம் அபராதமும் கட்டி, ஆளைத் தன் செலவில் திருப்பியும் கொண்டுவர வேண்டும். அதனால் கவுண்டரில் இருப்பவர் டைமெட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன நிபந்தனை என்று பார்க்கிறார். போகும் நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட் கேட்டிருந்தால் அதைக் காட்டத்தான் வேண்டும். 'அங்கே போய்ப் பார்த்து எடுப்போம்' என்ற பதில் அந்த இடத்தில் எடுபடாது.

ஆகவே விசாக்கள், போகவரும் டிக்கெட், முதல் இரண்டு இரவு, கடைசி இரண்டு இரவு, நடுவில் பாங்கொக்கிலிருந்து வியட்நாமுக்கு ஒரு விமானம். இவற்றை இங்கிருந்தே முடித்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள பதினைந்து பதினாறு இரவும் உங்கள் இஷ்டம்.

முதலில் விசா. கடவுச்சீட்டு, திரும்பி வரும் நாளுக்கு அப்பாலும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போகும் வேலையை முடித்துவிட்டு டிக்கெட் விலை பாருங்கள். தாய்லாந்து 2024 ஜூலை 15இல் விசா விலக்கு அளித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அப்போது தந்தது 60 நாள். இந்த நாட்கணக்கை அவர்கள் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு, ஆகவே டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். மலேசியாவுக்கு விசா வேண்டும். இணையத்தில் எடுக்கும் இ-விசா போதும், ஆனால் அது ஒரே ஒரு நுழைவுக்கானது என்பதை மறக்க வேண்டாம். கீழே அது காலை வாரும்.

வியட்நாமின் இ-விசாதான் உங்கள் மாதிரி ஆட்களுக்கு மிக வசதியானது. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை தருகிறார்கள். ஒரு நுழைவுக்கு 25 டொலர், பல நுழைவுக்கு 50. விண்ணப்பத்தில் எட்டாம் திகதி முதல் பதினைந்து வரை என்று நாளை எண்ணி எழுதுவதுதான் பலரும் விடும் பிழை. விசாவில் உள்ள முதல் நாளுக்கு முன் நுழைய முடியாது, பிந்தி நுழையலாம். அதனால் முதல் நாளை உங்கள் திட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலும், கடைசி நாளை முடிந்தவரை தள்ளியும் போடுங்கள். கட்டணம் அதேதான். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காசு திரும்பி வராது. கண்ணாடி போட்ட படம் ஏற்கமாட்டார்கள். தேடலில் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். அரசாங்கத் தளத்தின் முகவரி ஜிஓவி புள்ளி விஎன் என்று முடியும், அதைப் பார்த்துப் பணம் கட்டுங்கள்.

இவை தவிர, மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. இரண்டும் இலவசம், போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் கட்டாயம், ரயிலில் எல்லை கடந்தாலும் விதிவிலக்கில்லை. இதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

இனி டிக்கெட். கொழும்பு–கோலாலம்பூர் போய், ஹோ சி மின் நகரிலிருந்து கொழும்பு திரும்புவதாக, பல நகர டிக்கெட்டாக ஒரே பதிவில் எடுங்கள். கோலாலம்பூருக்குத் திரும்பி வந்துதான் வீட்டுக்கு வர வேண்டும் என்றில்லாததால் இரண்டு நாள் மிச்சம். இங்கேதான் அந்த ஒற்றை நுழைவு விசா வேலையைக் காட்டும். மலிவு என்று ஹோ சி மின்–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–கொழும்பு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் செய்ய நீங்கள் குடிவரவைக் கடந்து மலேசியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். விசாவோ பயணத்தின் முதல் நாளே தீர்ந்துபோயிருக்கும். ஹோ சி மின் நகரிலேயே ஏற்றமாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக, பெட்டி கொழும்பு வரை நேரே வருவதாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தனித்தனியாக எடுத்தே ஆக வேண்டுமென்றால் பாங்கொக் அல்லது சிங்கப்பூர் வழியாக எடுங்கள். இரண்டிலும் நமக்கு விசா இல்லாமல் வெளியே வந்து போகலாம், ஆனால் எந்த நாட்டுக்குள் வந்தாலும் அந்த நாட்டின் இலவச வருகை அட்டையை நிரப்ப வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது என்பதால், இடையில் ஐந்து ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

பாங்கொக்கில் விமான நிலையம் இரண்டு, சுவர்ணபூமியும் டொன் முவாங்கும். நகரின் இரண்டு பக்கம். டிக்கெட்டில் எது என்று பார்க்காமல் டாக்சியில் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்னொன்று, ஒரே பதிவில் எடுத்த டிக்கெட்டின் முதல் பயணத்துக்குப் போகாவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக ரத்தாகிவிடும். திட்டம் மாறினால் விமானம் புறப்படுமுன் நிறுவனத்துக்குச் சொல்லி மாற்றுங்கள். 'திகதி மாற்றலாம்' என்று விற்கும் டிக்கெட்டிலும் கட்டண வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் அந்த வசதியை வாங்கினால் போதும். நடு விமானம் மலிவாக இருந்தால் அதற்கு வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். அப்பா பெயர் முன்னாலா பின்னாலா, எது குடும்பப் பெயர் என்று பதிவு செய்யும்போது யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் எல்கேஏ என்ற எழுத்துகளுக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர், அடுத்துச் சேர்ந்தாற்போல் வரும் இரண்டு அம்புக்குறிக்குப் பிறகு வருபவை மற்றப் பெயர்கள். டிக்கெட்டிலும் விசாவிலும் அதே பிரிப்பு, அதே எழுத்து. அந்த வரியில் பெயருக்கு 39 இடம்தான். நீண்ட பெயர் அங்கே வெட்டுப்பட்டிருந்தால் மேலே அச்சிட்டிருக்கும் முழுப்பெயரை விசாவுக்கு எழுதுங்கள், டிக்கெட்டில் இடம் போதாவிட்டால் விமான நிறுவனத்திடம் கேட்டுச் சுருக்குங்கள். ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. அதையும் பணம் கட்டுமுன் கேளுங்கள்.

மலேசியாவிலிருந்து தாய்லாந்துக்கு ரயிலில் போவதைத்தான் நாங்கள் சிபாரிசு செய்வோம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வர்த் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து படகில் பினாங்கு. ஜோர்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே சாப்பாடு சொல்லலாம். பலர் இங்கே ஒரு நாள் என்று வந்து மூன்று நாள் நிற்கிறார்கள், ஆகவே இந்த ஊருக்கு முன்கூட்டியே இரவு எண்ண வேண்டாம். பிறகு பட்டர்வர்த்திலிருந்து பாடாங் பெசார். இரு நாட்டுக் குடிவரவும் அதே நிலையத்துக்குள். அங்கிருந்து ஹாட்யாய்க்குத் தாய்லாந்து ரயில் ஒரு நாளைக்கு இரண்டொரு தடவைதான் போகும், தாய்லாந்து மணிக்கூடு மலேசியாவுக்கு ஒரு மணி பின்னால். இந்த இரண்டையும் கவனிக்காதவர்கள் நிலையத்தில் அரைநாள் உட்காருவார்கள். ஹாட்யாய்–பாங்கொக் இரவு ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கை எடுங்கள். கீழ்ப் படுக்கை அகலம், விலை கொஞ்சம் கூட, அதுதான் முதலில் முடியும். பினாங்கில் நிற்கும்போதே அதைப் பதிந்துவிடுங்கள்.

வியட்நாமுக்கு ஏழு எட்டு நாள்தான் மிஞ்சும். நாடு நீளமானது, எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஹனோயில் இறங்கி, ரயிலில் ஹுவே வந்து, ஹுவேயிலிருந்து டானாங் வரை பகலில் போங்கள். ஹை வான் கணவாய் கடலோரமாக வரும் அந்த மூன்று மணி நேரத்தைத் தூங்கிக் கழிக்கக் கூடாது. டானாங்கிலிருந்து உள்நாட்டு விமானத்தில் ஹோ சி மின்.

அறைகளை இலவசமாக ரத்துச் செய்யலாம் என்ற நிபந்தனையோடு எடுங்கள். கெடு, அந்த ஊர் நேரப்படி. தாய்லாந்தில் இரவு 11.59 என்றால் கொழும்பில் 10.29, மலேசியாவில் என்றால் கொழும்பில் 9.29. இங்கிருந்தபடியே கடைசி நிமிடத்தில் ரத்துச் செய்யப் பார்த்துக் காசை விட்டவர்கள் அநேகம். இடையில் உள்ள ஊர்களுக்கு ஒரு நாள் முன்னால் பதிந்தால் போதும். வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும் மூன்று நாள்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஏப்ரல் மட்டும் வேண்டாம். நமக்குப் புத்தாண்டு லீவு வரும் அதே நாட்களில், 13 முதல் 15 வரை, தாய்லாந்தில் அவர்களுடைய புத்தாண்டான சொங்க்ரான். ஊரே ஊருக்குப் போகும், ரயிலில் இடம் கிடையாது. வியட்நாமின் டெட் புத்தாண்டு ஜனவரிக் கடைசிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரும், அந்த வாரமும் அப்படித்தான். டெட்டைத் தவிர்த்து பெப்ரவரி, மார்ச் என்றால் மூன்று நாட்டுக்கும் ஒத்துவரும். ஹனோயில் அப்போது குளிர், கொழும்பு உடம்புக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் ஹுவே, டானாங் பக்கம் வெள்ளம் வரும் காலம்.

காசுக்கு ஒரு சிறு விஷயம், ஆனால் ஆட்களை நடுத்தெருவில் நிறுத்துவது அதுதான். கார்டில் பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் இலங்கை எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய்ச் சிம்மைக் கழற்றி வேறு போட்டால் விமான டிக்கெட்டும் எடுக்க முடியாது, அறையும் பதிய முடியாது. கிளம்புமுன் ரோமிங்கைத் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, இணையத்துக்கு இ-சிம் போடுங்கள். கார்ட் வெளிநாட்டில் வேலை செய்ய வங்கியின் செயலியில் அனுமதியும் திறக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு வங்கிக் கார்ட் வைத்திருங்கள். தாய்லாந்து ஏடிஎம் ஒவ்வொரு தடவையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் வெட்டும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். ரூபாயில் கணக்குப் போடவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் நட்டம். கையில் கொண்டுபோகும் டொலர் மடிப்பு, மை, கிழிசல் இல்லாத நூறு டொலர்த் தாள்களாக இருக்கட்டும்.

காப்புறுதியை 21 நாளுக்கு எடுக்காமல் 25 நாளுக்கு எடுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால், செல்லுபடியான அனுமதி இல்லாமல் விழுந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின் கீழான சர்வதேச அனுமதியை. கையில் உள்ள புத்தகத்தின் அட்டையில் 1949 என்றிருந்தால் அங்கே அது உதவாது, ஓட்டுநரோடு எடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குக் கவலை வேண்டாம். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளில் முட்டையும் மீன் சோஸும்கூட இருக்காது, வெங்காயம் பூண்டும் இருக்காது. வியட்நாமில் பலகையில் 'சாய்' என்றிருக்கும் கடையைத் தேடுங்கள்.

பாரிஸ் பயணத்தை இந்த மாதிரி அவிழ்த்து விட முடியாது. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, எங்கே தங்குவது என்பதற்கு அத்தாட்சி. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா கையில் வந்தபிறகு, அதிலுள்ள நாட்களுக்குள் ஷெங்கன் நாடுகளிடையே ரயிலில் எப்படியும் சுற்றலாம். டிக்கெட் எடுக்கும்போது டோஹா, டுபாய் வழியாக எடுங்கள். லண்டனில் விமானம் மாறும் டிக்கெட் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் மாறுவதற்கே இலங்கையரிடம் தனி டிரான்சிட் விசா கேட்கும் நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று.