ஹாஷிமோட்டோ தைராய்டை உணவாலும் சப்ளிமென்ட்டாலும் சமாளிக்க முடியுமா? என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் தந்த விவரம்: வயது 34, பெண். டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு தளர்ந்தால் இது ஏறும்) 6.8, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) நார்மல், ஆன்டி டிபிஓ (தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி) 600-க்கு மேல். டாக்டர் ஹாஷிமோட்டோ என்று, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய் என்று, சொல்லிவிட்டார். மாத்திரை இல்லாமல் சாப்பாட்டை மாற்றி, செலினியம் மாதிரி ஏதாவது எடுத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. இதே நோயோடு பல வருடங்களாக லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) போட்டுக்கொண்டிருப்பவள். வீட்டில் தங்கைக்கும் இதேதான். அதனால் இந்த விஷயத்தில் படித்ததும் பட்டதும் கொஞ்சம் அதிகம்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டை மாற்றி ஹாஷிமோட்டோவை விரட்ட முடியாது. ஆனால் சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பதும் சரியில்லை. நாம் சாப்பிடுவதும் குடிப்பதும் அதிகமாகப் பாதிப்பது நாம் போடும் மாத்திரையையும் எடுக்கும் டெஸ்ட்டையும்தான். தைராய்டு சுரப்பியின் மேல் அதற்கு இருக்கும் பிடி ரொம்பக் குறைவு. இணையத்தில் கிடைக்கும் தைராய்டு டயட் அறிவுரையில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் சொல்கின்றன.

முதலில் அந்த 600. அது பயப்பட வேண்டிய எண் இல்லை. பல ஆய்வகங்களில் இருக்கும் கருவி 600 வரைதான் அளக்கும். அதைத் தாண்டினால் '600-க்கு மேல்' என்று மட்டும் அச்சாகும். உங்கள் உண்மையான அளவு 650 ஆகவும் இருக்கலாம், 2000 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சையில் வித்தியாசம் இல்லை. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதில் வெள்ளணுக்கள் மொய்த்துக்கிடப்பதை எழுதினார். ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியை ராய்ட், டோனியாக் குழுவினர் கண்டுபிடித்தது 1956-ல். சுரப்பியை அரிப்பதில் பெரிய பங்கு அந்த வெள்ளணுக்களுக்குத்தான். ஆன்டிபாடி, உள்ளே சண்டை நடக்கிறது என்பதற்கான அடையாளம். ஒருமுறை பாசிட்டிவ் என்று தெரிந்துவிட்டால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே அளந்து, 'குறைந்திருக்கிறதா' என்று பார்ப்பது காசுக்குக் கேடு, மனசுக்கும் கேடு.

சரி, டயட்டால் குணமாகிவிட்டது என்று இத்தனை பேர் சொல்கிறார்களே, அவர்களெல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. டிஎஸ்ஹெச் இயல்பிலேயே ஏறி இறங்கும். இரவில் உயர்ந்திருக்கும், மதியத்துக்கு மேல் குறையும். காலையில் வெறும் வயிற்றில் 6.8 காட்டுகிற அதே ஆளுக்கு மாலையில் எடுத்தால் இன்னும் குறைவாக வரலாம். 10-க்குக் கீழ் லேசாக உயர்ந்திருக்கும் டிஎஸ்ஹெச் சிலருக்கு எதுவும் செய்யாமலே நார்மலுக்குத் திரும்பிவிடும். அந்தச் சமயத்தில் எந்த ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தார்களோ, பேர் அந்த ஜூஸுக்குப் போய்விடும்! இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊர் மக்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். டிஎஸ்ஹெச் உயர்ந்து ஆன்டிபாடியும் பாசிட்டிவாக இருந்த பெண்களில், வருடத்துக்கு நூற்றுக்குச் சுமார் 4 பேர் முழுமையான ஹைப்போதைராய்டு நிலைக்கு, அதாவது தைராய்டு ஹார்மோன் குறைந்த நிலைக்கு, போனார்கள். அதாவது உங்கள் நிலையில் இருப்பவர் வருடக்கணக்கில் அப்படியே இருக்கவும் வாய்ப்பு உண்டு, மெதுவாக ஏறவும் வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பம் இங்கேதான் அதிகம்.

தைராய்டுக்குத் தொடர்ந்து பார்க்க வேண்டியது டிஎஸ்ஹெச், கூடவே ஃப்ரீ டி4. ஹைப்போதைராய்டில், டி4-இலிருந்து உருவாகும் டி3 ஹார்மோன் கடைசியாகத்தான் குறையும், அதனால் அதில் பெரிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. ரிவர்ஸ் டி3 என்று ஒரு டெஸ்ட்டைச் சிலர் விற்கிறார்கள், வேண்டாம். ஒரே ஆய்வகம், ஒரே நேரம், காலையில். இது மூன்றையும் மாற்றாமல் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும். மாத்திரை போடுபவராக இருந்தால், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சற்று ஏறியிருக்கும்.

அப்புறம் பயோட்டின் என்ற பி வைட்டமின். என் தங்கைக்கு நடந்ததைச் சொன்னால் சுலபமாகப் புரியும். தைராய்டு நோயாளிகள் பலரையும் போல அவளுக்கும் முடி கொட்டியது. முடிக்கு என்று ஒரு மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்தாள். அடுத்த ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், ஃப்ரீ டி4 வரம்புக்கு மேலே. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதாகப் பேப்பர் சொல்கிறது. ஆளைப் பார்த்தால் நாடித்துடிப்பு மெதுவாக இருக்கிறது, மலச்சிக்கல், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். டாக்டர் மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் பெண்தான் கேட்டார்: 'முடிக்கு, நகத்துக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா மேடம்?' டப்பாவை எடுத்துப் பார்த்தால் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான். அதை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்த டெஸ்ட்டில் டிஎஸ்ஹெச் உயர்ந்திருந்தது. அளவைக் குறைப்பதற்குப் பதில் கூட்ட வேண்டியதாயிற்று.

காரணம் டெஸ்ட் கிட்டுக்குள் இருக்கிறது. ஹார்மோனைப் பிடித்து நிறுத்த பல கிட்களில் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் ஏற்கனவே பயோட்டின் குவிந்திருந்தால் அது போய்க் கொக்கியை அடைத்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச் டெஸ்ட்டில் சிக்னல் குறைந்தால் எண் குறையும். டி4 டெஸ்ட் எதிர்த்திசையில் இயங்குவது, அங்கே சிக்னல் குறைந்தால் எண் கூடும். இரண்டும் சேர்ந்து வந்தால் அச்சு அசலாக ஹைப்பர்தைராய்டு ரிப்போர்ட். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. டெஸ்ட்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அளவு பெரிதென்றால் இன்னும் முன்னாலேயே. மல்ட்டிவைட்டமின் டப்பாவின் பின்பக்கத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள், அதிலும் ஒளிந்திருக்கும்.

தைராய்டு தவிர, ஆரம்பத்தில் ஒருமுறை பார்க்க வேண்டியவை ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி. களைப்பு, முடி உதிர்வு, மூளை மந்தம் என்று தைராய்டின் தலையில் நாம் கட்டும் பழிகளில் பாதி இந்த மூன்றின் வேலையாகவும் இருக்கும். ஃபெரிட்டினுக்கு இன்னொரு சம்பந்தமும் உண்டு: ஹார்மோனைத் தயாரிக்கும் டிபிஓ என்சைம் வேலை செய்யவே இரும்புச் சத்து வேண்டும். பி12 குறைவாக இருந்தால், வயிற்றிலும் இதே மாதிரி ஆட்டோஇம்யூன் சண்டை நடக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அது கூடவே வருவது உண்டு. குறைவு இருந்தால் அதற்குரிய அளவில் எடுங்கள், நிரம்பியதும் திரும்ப டெஸ்ட் செய்துவிட்டு டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள். குறைவே இல்லாமல் எடுக்கும் சப்ளிமென்ட்டால் மருந்துக்கடைக்காரருக்குத்தான் தெம்பு.

செலினியம் பற்றிக் குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. டி4-ஐ டி3 ஆக மாற்றும் என்சைமில் செலினியம் உண்டு. தினம் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களுக்கு டிபிஓ ஆன்டிபாடி குறைந்ததாக 2002-ல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது, பிறகு வேறு சிலதும் வந்தன. ஆனால் ஆன்டிபாடி எண் குறைந்தால் ஆள் நன்றாகிவிடுகிறாரா, மாத்திரையின் தேவை போய்விடுகிறதா என்ற கேள்விக்குத் தெளிவான ஆமாம் வரவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2013-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் ஆதாரம் போதாது என்றுதான் முடித்தது. ஒரு நாள் தேவை 55 மைக்ரோகிராம், பெரியவர்களுக்கு மேல்வரம்பு 400. பிரேசில் நட் ஒன்றிலேயே ஒரு நாள் தேவைக்கு மேல் இருக்கலாம், அதனால் அதையும் சாப்பிட்டு மாத்திரையும் போட்டால் எங்கேயோ போய்விடும். செலினியம் மிஞ்சினால் என்ன ஆகும் தெரியுமா? முடி கொட்டும், நகம் உடையும்.

அயோடினில்தான் நான் கறாராக இருப்பேன். தைராய்டு என்றாலே அயோடின் குறைவு என்று நினைத்துக் கெல்ப் எனப்படும் கடற்பாசி மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், அயோடின் கலந்த உப்பிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். அயோடின் திடீரென்று அதிகமானால் சுரப்பி ஹார்மோன் தயாரிப்பைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளும். 1948-ல் உல்ஃப், சைகாஃப் இருவரும் காட்டியது இது. ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் மீண்டுவிடும். ஹாஷிமோட்டோ சுரப்பி மீளாமல் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். அதனால் உப்பை மாற்ற வேண்டாம், கெல்ப் பக்கமும் போக வேண்டாம். 'தைராய்டு சப்போர்ட்' என்ற பெயரில் வரும் கலவைகளும் அப்படித்தான். சிலவற்றைச் சோதித்தபோது உள்ளே நிஜமான தைராய்டு ஹார்மோனே இருந்திருக்கிறது. அஸ்வகந்தாவும் சிலருக்கு ஹார்மோன் அளவை ஏற்றிவிடும். எடுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றிய பயத்தை விட்டுவிடலாம். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

கோதுமையில் இருக்கும் குளூட்டன் புரதம்? ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படுவது) மற்றவர்களைவிட அதிகம். அது இருந்தால் கோதுமையை முழுதாக நிறுத்தத்தான் வேண்டும். இல்லையென்றால் நிறுத்துவதால் தைராய்டுக்கு நன்மை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிறுத்துவதற்கு முன்பே சீலியாக்குக்கான டிடிஜி ஐஜிஏ ரத்த டெஸ்ட் எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் கோதுமை தொடாமல் இருந்துவிட்டுப் போனால், சீலியாக் இருந்தாலும் டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்து ஏமாற்றும்.

மாத்திரை ஆரம்பித்தால் உணவு நிஜமாகவே முக்கியமாகிறது. லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. காபியும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான், ஏனென்றால் மாத்திரை உடம்பில் சேர்வதைக் காபி குறைக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். வைட்டமின் டி மாத்திரை பலவற்றில் கால்சியமும் சேர்ந்தே இருக்கும், அதையும் கவனியுங்கள். அசிடிட்டிக்குத் தினமும் போடும் மாத்திரையும், சோயாவும், நார்ச்சத்துப் பவுடரும் உறிஞ்சுதலைக் குறைக்கக்கூடியவை. டோஸ் ஏறிக்கொண்டே போய், டிஎஸ்ஹெச் மட்டும் இறங்காமல் அடம்பிடித்தால் முதலில் இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும், அடுத்து சீலியாக். காலையில் முடியாதவர்கள் இரவு கடைசிச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் போடலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. இந்த மருந்தின் பாதி அளவு உடம்பைவிட்டுப் போகவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் டோஸ் மாற்றிய பத்தாவது நாளே ஓடிப்போய் டெஸ்ட் எடுப்பதில் அர்த்தமில்லை, 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை, அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஹைப்போதைராய்டால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் உப்பும் நீரும்தான் அதிகம். டிஎஸ்ஹெச் சரியானால் அந்தச் சில கிலோ இறங்கும். பதினைந்து கிலோவுக்கும் இதையே காரணம் சொல்ல முடியாது. கசப்பான செய்திதான், எனக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2, 3 மாதம் கழித்து, பயோட்டின் இல்லாமல், அதே ஆய்வகத்தில் காலையில் டிஎஸ்ஹெச்சும் ஃப்ரீ டி4-உம் திரும்ப எடுப்பேன். அதற்குள் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி பார்த்துக் குறைவை நிரப்பியிருப்பேன். டிஎஸ்ஹெச் 10-ஐத் தாண்டினாலோ ஃப்ரீ டி4 குறைந்தாலோ மாத்திரைக்குத் தயங்க மாட்டேன். நடுவில் நின்றால் அறிகுறிகளை வைத்து டாக்டரோடு பேசி முடிவெடுப்பேன். ஆனால் குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் இந்தக் காத்திருப்பு உங்களுக்குப் பொருந்தாது. அதை இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். கருவின் முதல் மாதங்களுக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம், அதனால் அப்போது டிஎஸ்ஹெச்சை 2.5-க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். ஏற்கனவே மாத்திரை போடுபவர்களுக்குக் கூட கர்ப்பம் உறுதியானதுமே டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும்.