கண்டோன் என்றால் கண்டனமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எந்த ஆங்கிலச் சொல் உங்களைக் குழப்புகிறது என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் ‘கண்டோன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை அது ஒன்றுதான்.

எங்கள் சங்க அறிக்கையில் ‘வீ ஸ்ட்ராங்லி கண்டோன் திஸ் அட்டாக்’ என்று எழுதினேன். படித்தவர்கள் சிரிக்கிறார்கள். ஏன் சார்?

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தாக்குதலைக் கண்டிப்பதாக நினைத்துக்கொண்டு, ‘பரவாயில்லை, விட்டுவிடுகிறோம்’ என்று எழுதிவிட்டீர்கள். அதுவும் ‘வன்மையாக’! கண்டனம், கண்டித்தல் என்று கேட்டுப் பழகிய காதுக்குக் கண்டோன் அவற்றின் தம்பி மாதிரி ஒலிக்கும். உறவே கிடையாது. நீங்கள் தேடிய சொல் கண்டெம். பஸ் டிப்போவில் ஓடாத வண்டியைக் ‘கண்டம் பண்ணியாச்சு’ என்பார்களே, அதுவும் இந்தக் கண்டெம்தான்.

கண்டோனின் வேர் லத்தீனில் ‘கொடுப்பது’ என்று பொருள்படும் சொல். டொனேஷனும் அங்கிருந்து வந்ததுதான். தப்பைப் பிடித்துவைக்காமல் விட்டுக்கொடுப்பது கண்டோன். நான் நினைவில் வைத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. பழந்தமிழில் ‘கண்டோன்’ என்றால் பார்த்தவன். பார்த்தான், ஆனால் பார்க்காதவன் போல் போய்விட்டான். கண்டும் காணாமல் விடுவது, அவ்வளவுதான்.

கல்லூரியில் என் வருகை 71 சதவீதம். ‘ப்ளீஸ் கண்டோன் மை அட்டெண்டன்ஸ்’ என்று கடிதம் எழுதியிருக்கிறேன். சரியா?

வகுப்புக்கு வந்ததை மன்னிக்கச் சொல்கிறாயே அம்மா! வராமல் போனதைத்தானே மன்னிக்க வேண்டும்?

கணக்காகப் பார். பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி கேட்கும் 75 சதவீதத்துக்கு 68 நாள் வந்திருக்க வேண்டும். நீ வந்தது 64. இடையில் துண்டு விழும் அந்த 4 நாள்தான் கண்டோன் ஆக வேண்டியது. ஆகவே ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கண்டோன் தி ஷார்ட்டேஜ் இன் மை அட்டெண்டன்ஸ்’ என்று எழுது. அடுத்த வரியிலேயே காரணத்தைச் சொல்லிவிடு. காய்ச்சல் என்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதி, மருத்துவச் சான்றிதழையும் இணைத்துக்கொள்.

‘கண்டொனேஷன் ஃபீஸ் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கட்டணம்) கட்டிட்டா முடிஞ்சுது’ என்று தோழிகள் சொல்லுவார்கள். நம்பாதே. பல பல்கலைக்கழகங்களில் 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகை, அதுவும் ஏற்கத்தக்க காரணம் இருந்தால்.

மேல்முறையீட்டுக்குக் ‘கண்டோன் டிலே’ மனு போடணும் என்கிறார் வக்கீல். மன்னிப்புக் கேட்க நான் என்ன குற்றம் செய்தேன்?

குற்றம் ஒன்றும் இல்லை, கெடு தாண்டிவிட்டது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்ததென்று நீதிமன்றத்தை ஏற்கவைத்தால் அப்பீலை எடுத்துக்கொள்வார்கள். இங்கே மன்னிக்கப்படுவது தாமதம், நீங்கள் அல்ல. புதிதாகப் போடும் அசல் வழக்குக்கு இந்தப் பிரிவு உதவாது. ‘ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும்’ என்று பயமுறுத்துவார்கள். அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு நொடிக்கும் ஏன் கேட்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 1987-இல் காட்டிஜி வழக்கில் கேட்டிருக்கிறது. அதற்காகக் காரணமே இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

மேலாளரிடம் ‘ப்ளீஸ் கண்டோன் மீ’ என்று சொல்லலாமா?

கூடாது. கண்டோன் செயலுக்கு மட்டும்தான், ஆளுக்கு வராது. ஆளுக்கு ஃபர்கிவ், எக்ஸ்கியூஸ் எல்லாம் இருக்கின்றன. பத்து நிமிஷம் லேட்டானதற்கு ‘சாரி சார்’ போதும். அப்புறம் இன்னொன்று: நீதிமன்றம், அலுவலகக் கோப்பு தாண்டிப் பொது ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் ‘இல்லை’யோடுதான் வரும். ‘வீ டு நாட் கண்டோன் வயலன்ஸ்’ என்பதுபோல. சங்கச் செயலாளரே, உங்கள் வரியில் ‘ஸ்ட்ராங்லி’யை எடுத்துவிட்டு ‘டு நாட்’ சேர்த்திருந்தால்கூடத் தப்பித்திருப்பீர்கள்.

கண்டோலன்ஸும் இதே குடும்பமா?

இல்லை, அது துக்கத்தில் பங்குகொள்வது. இரங்கல் செய்திக்கு ‘கண்டோலன்ஸஸ்’ என்று பன்மையில் எழுதுவதே வழக்கம். அந்த இடத்தில் கை தவறிக் கண்டோன் என்று எழுதினால், போனவர் செய்த தப்பையெல்லாம் நீங்கள் பெரிய மனசோடு விட்டுவிட்டதாக ஆகிவிடும்.