நாளிதழில் வந்த செய்தியை யாரிடம் கொண்டு செல்வது?

கேள்வி: நான் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள், வயது 27. வேலூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிந்துகொண்டே, சொந்தமாகப் பாடல் எழுதிப் பாடி வெளியிட்டு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து மெட்டுகளை எடுத்துக்கொண்டு, முகவீணை, மிருதங்கம், கிதார் ஆகியவற்றோடு ஐந்து பாடல்களை அண்மையில் இணையத்தில் வெளியிட்டேன். ஒரு தமிழ் நாளிதழின் வேலூர் பக்கத்திலும், பிறகு ஓர் ஆங்கில நாளிதழின் இணையப் பதிப்பிலும் என்னைப் பற்றிக் கட்டுரை வந்தது. வாழ்த்துகள் குவிந்தன, ஆனால் பாடலைக் கேட்போர் எண்ணிக்கை அசையவே இல்லை, மேடை வாய்ப்பும் வரவில்லை. இச்செய்திகளைப் பயன்படுத்திக்கொள்வது எப்படி? தமிழ்க் கட்டுரையில், எனக்குக் கற்றுத்தந்த கூத்து வாத்தியாரின் மெட்டை நானே அமைத்ததாக எழுதிவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் உறுத்துகிறது. இதற்கிடையே, பணம் கொடுத்தால் பல இதழ்களில் செய்தி வரச் செய்வதாக ஒருவர் தொலைபேசியில் கூறினார். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்குக் கால அவகாசம் உண்டு, இதற்கு இல்லை. ஒரு கட்டுரையில் அச்சான பிழையை அடுத்து எழுதுபவர் அப்படியே எடுத்துக்கொள்வார்; அவரிடமிருந்து மூன்றாமவர் எடுப்பார்; ஓராண்டில் அதுவே வரலாறாகிவிடும். ஆகவே இன்றே அந்தச் செய்தியாளருக்கு, கட்டுரை வெளியான தேதி, பிழையான வாக்கியம், அதற்குப் பதிலாக இருக்க வேண்டிய வாக்கியம் ஆகியவற்றை மட்டும் குறிப்பிட்டு, குற்றஞ்சாட்டும் தொனியின்றி எழுதுங்கள். பிழையென்று தெரிந்தால் உரிய இடத்தில் உடனே திருத்தம் வெளியிட வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளிலேயே உள்ளது. எனவே நீங்கள் கேட்பது சலுகை அன்று. அச்சில் திருத்தம் வருகிறதோ இல்லையோ, இணையப் பதிப்பில் ஒரு வாக்கியத்தை மாற்றுவது அவர்களுக்கு எளிது.

அதற்கு முன்பாக, வாத்தியாரிடம் நேரில் சென்று, அந்த மெட்டு வழிவழியாக ஆடப்பட்டு வருவதா, அவரே கட்டியதா என்று கேட்டறியுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. மரபாக வருவதென்றால், பாடல் விவரத்தில் ‘மரபு மெட்டு’ என்றும் கற்பித்தவர் பெயரையும் எழுத வேண்டும். அவரே கட்டியதென்றால், இசையமைப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் வர வேண்டும். ராயல்டியில் அவருக்குரிய பங்கை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் பாடலைப் பதியும்போதும் அந்தப் பங்கைக் குறிப்பிட வேண்டும். முகவீணையும் மிருதங்கமும் வாசித்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒலிப்பதிவில் பங்குபெற்ற கலைஞர், தாம் இன்னார் என்று அடையாளம் காட்டப்பட வேண்டுமெனக் கோரும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவாக வழங்கியிருக்கிறது.

பத்திரிகை வெளிச்சம் ஒருவர் மீது விழுந்து இன்னொருவர் இருட்டில் நிற்பது எவ்வளவு வலிக்கும் என்பதைத் தமிழ்த் தனியிசை உலகம் கண்ணெதிரே கண்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்று, அவர்கள் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ பாடல்களுக்கு வரிகள் எழுதிய தெருக்குரல் அறிவு இடம்பெறாதபோது, இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். பின்னரே அறிவின் படத்தோடு ஒரு மின்னட்டை வெளிவந்தது. உங்கள் வாத்தியாருக்காகக் கேள்வி எழுப்ப வேறு யாரும் இல்லை என்பதால், அந்தப் பொறுப்பு உங்களுடையதாகிறது.

இனி முதல் கேள்வி. செய்தி வந்தும் கேட்போர் எண்ணிக்கை ஏன் அசையவில்லை? அச்சிட்ட தாளில் தொட்டுத் திறக்க இணைப்பு இல்லை. காலையில் தேநீர்க் கடையில் உங்கள் படத்தைப் பார்த்து ஆர்வம் கொண்ட ஒருவர், தம் கைபேசியில் உங்கள் பெயரைத் தானே எழுத்துக் கூட்டித் தேட வேண்டும். அந்தத் தேடலை நீங்களே செய்து பாருங்கள்: உங்கள் கணக்கில் உள்நுழையாத வேறொருவரின் கைபேசியில், நாளிதழில் அச்சான அதே எழுத்துகளில், முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் தட்டெழுதுங்கள். உங்கள் பாடல் முதல் சில முடிவுகளுக்குள் வரவில்லையென்றால், வந்த வாசகரை நீங்கள் இழந்த இடம் அதுதான். யூடியூப் அலைவரிசையின் பெயர் ஆங்கில எழுத்தில் மட்டும் இருந்தால் தமிழ் வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் தளங்களிலும் ஒரே பெயர், ஒரே படம் இருக்கட்டும். கட்டுரையில் எந்தப் பாடல் பேசப்பட்டதோ அதுவே உங்கள் பக்கத்தைத் திறந்ததும் முதலில் நிற்கட்டும். புதிதாக வெளியிட்டது வேறு பாடல் என்பதற்காக அதை மேலே வைத்தால், தேடி வந்தவர் தாம் கேட்க வந்தது கிடைக்காமல் திரும்பிவிடுவார்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும், நாளிதழ்ச் செய்தி ஒன்றினால் மட்டும் ஆயிரக்கணக்கானோர் பாடலைக் கேட்கத் திரண்டு வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்களைப் பற்றி வந்த கட்டுரையின் முதன்மையான வாசகர், அன்று காலை நாளிதழைப் புரட்டியவர் அல்லர். நீங்கள் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களோ அவரே. உங்களை முன்பின் அறியாத ஒருவரிடம், உங்களுக்கு உறவோ நட்போ அல்லாத ஒருவர் உங்களைப் பற்றி எழுதித் தந்த அறிமுகக் கடிதம் அது. கடிதத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் ஒட்டிவைத்தால் ஏற்கெனவே உங்களை அறிந்தவர்கள்தாம் படிப்பார்கள். வாழ்த்துகள் குவிந்து வாய்ப்பு வராததன் காரணம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் யாரிடம் கொண்டு செல்வது? வட ஆற்காட்டில் கூத்து சார்ந்த இசைக்கு இயல்பாகவே சில வாசல்கள் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடக்கும். அவற்றை நடத்தும் விழாக் குழுவினர் பல வாரங்களுக்கு முன்பே செலவுக் கணக்கு போட்டுவிடுவார்கள் என்பதால், தை மாதத்திலேயே அவர்களைச் சந்திக்க வேண்டும். அங்கே தமிழ் நாளிதழின் நறுக்குதான் பேசும்; ஆங்கிலக் கட்டுரையைக் காட்டிப் பயனில்லை. நேர் எதிராக, வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ரிவேரா விழாவை முன்னின்று நடத்தும் மாணவர்கள் பல மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரையின் இணைப்பும், மேடையில் நேரடியாகப் பாடிய இரண்டு நிமிடக் காணொளியும் அனுப்புங்கள். ஊரிசு கல்லூரி போன்ற பழைய கல்லூரிகளின் தமிழ்த் துறைகள், மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழாவின் மாலை நிகழ்ச்சிகள் ஆகியவற்றையும் கருத்தில் கொள்ளுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலை மன்றம், 19 முதல் 35 வயது வரையிலான கலைஞர்களுக்குக் ‘கலை வளர்மணி’ விருது வழங்கி வருகிறது. உங்கள் வயதுக்கு உரியது அது. விண்ணப்பத்தில் மேடை அனுபவத்தைக் காட்டும்போது இந்த நறுக்குகளும் துணைநிற்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனி ஆட்சியர் அலுவலகமும் தனி விழாக்களும் வந்துவிட்டன. பல நாளிதழ்களில் மாவட்டப் பக்கம் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே வேலூர் பக்கத்தில் வந்த உங்கள் செய்தியை வாலாஜாபேட்டையிலோ வாணியம்பாடியிலோ இருப்பவர் பார்த்திருக்கவே மாட்டார். அவருக்கு அது இன்னும் புதிய செய்திதான்.

கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: “ஐயா, வணக்கம். நான் குடியாத்தம் பகுதியைச் சேர்ந்த பாடகி. நம் பகுதிக் கூத்து மெட்டுகளில் புதிய பாடல்களை எழுதிப் பாடி வருகிறேன். இதைப் பற்றி நாளிதழில் வந்த கட்டுரையை இணைத்துள்ளேன். தங்கள் விழாவில் நால்வர் கொண்ட எங்கள் குழு 45 நிமிடங்கள் பாட விரும்புகிறோம். இரண்டு ஒலிவாங்கிகளும் ஒரு பெருக்கியும் இருந்தால் போதும். வரும் வாரம் எந்த நாளில் தங்களை நேரில் சந்திக்கலாம்?” இதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களைப் புகழ்வது கட்டுரையின் வேலை. நீங்கள் கேட்க வேண்டியது என்ன என்பதைத் தெளிவாகக் கேட்பது மட்டுமே கடிதத்தின் வேலை. ஒரே வாசகத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவதை விட, ஒவ்வொருவரின் விழாவையும் அறிந்து பத்துப் பேருக்கு எழுதுவதே சிறந்தது.

கட்டுரைகளைப் பத்திரப்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். அச்சுப் பிரதியை, நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கங்கள் முகவரி மாறியோ கட்டணத் திரைக்குப் பின்னே போயோ காணாமற்போவது வழக்கம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தை இப்போதே சேமித்துவிடுங்கள். ஊழியர் ஒருவர் பணியின் பகுதியாக எழுதிய கட்டுரையின் உரிமை பொதுவாக அந்த நாளிதழுக்கே உரியது என்பதால், முழுப் பக்கத்தையும் உங்கள் தளத்தில் மறுவெளியீடு செய்ய அனுமதி பெற வேண்டும். ஓரிரு வாக்கியங்களை நாளிதழின் பெயரோடும் தேதியோடும் மேற்கோள் காட்டி இணைப்பைத் தருவதே முறை. மேற்கோளை இடையில் வெட்டிப் பொருளை உயர்த்திக் காட்ட ஒருபோதும் முயலாதீர்கள். எழுதியவர் அதைப் பார்ப்பார், அடுத்த முறை உங்கள் அழைப்பை எடுக்க மாட்டார்.

அந்தச் செய்தியாளர்களிடம் உறவைப் பேணுங்கள். நன்றி தெரிவித்து ஒரு குறுஞ்செய்தி போதும். வாரந்தோறும் நலம் விசாரிப்பது அவர்களுக்குச் சுமை. மீண்டும் அணுகும்போது கையில் புதிய செய்தி இருக்க வேண்டும். ‘ஐந்து பாடல்கள் வெளியிட்ட இளம்பெண்’ என்பது ஒருமுறைதான் செய்தி. கூத்து வாத்தியாரும் மாணவியும் ஒரே மேடையில் பாடுகிறார்கள் என்பது அடுத்த செய்தி. அதற்கு நாளும் இடமும் இருப்பதால் பத்திரிகை அதை இன்ன தேதிக்குள் வெளியிட வேண்டிய காரணமும் இருக்கிறது. அடுத்த நேர்காணலுக்கு முன் ஒரு பக்கத் தாளில், குழுவினர் அனைவரின் பெயரும் எழுத்துப்பிழையின்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும், மெட்டு யாருடையது என்ற விவரமும், பாடல் இணைப்பும், படம் எடுத்தவர் பெயரோடு அகலவாக்கில் இரண்டு தெளிவான படங்களும் தயாராக இருக்கட்டும். கட்டுரையை அச்சுக்கு முன் காட்டச் சொல்வது முறையன்று. ‘பெயர்களையும் விவரங்களையும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்’ என்று சொல்லலாம், பெரும்பாலோர் அதை வரவேற்பார்கள். உங்கள் கட்டுரையில் நேர்ந்த பிழை, அப்படியொரு தாள் இருந்திருந்தால் பெரும்பாலும் நேர்ந்திராது.

அடுத்த பாடலின் வெளியீட்டிலும் இக்கட்டுரைகள் உதவும். ஸ்பாட்டிஃபை தளத்தின் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்கு, இன்னும் வெளியாகாத பாடலைத்தான் பரிந்துரைக்க முடியும். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் அனுப்ப வேண்டும். அங்கே தரப்படும் சிறு குறிப்பில், எந்த நாளிதழ் எழுதியது என்பதை ஒரு வரியில் சேருங்கள். இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை, ஆனால் பலர் இந்த 7 நாள் கணக்கைத் தவறவிட்டே வாய்ப்பை இழக்கிறார்கள்.

பணம் கொடுத்தால் செய்தி வரும் என்று அழைத்தவரை மறுத்துவிடுங்கள். உங்களிடமிருந்து எதையும் பெறாத ஒருவர் எழுதினார் என்பதே உங்கள் கையிலுள்ள இரண்டு கட்டுரைகளின் மதிப்பு. விலைக்கு வாங்கிய பத்துச் செய்திகளை அவற்றோடு சேர்த்து வைத்தால், நேர்மையாகக் கிடைத்த இரண்டையும் விழாக் குழுவினர் ஐயத்தோடு பார்ப்பார்கள். விளம்பரம் செய்வது தவறன்று, அது விளம்பரம் என்று அச்சிடப்படுமானால். மீண்டும் அழைத்தால், ‘விளம்பரப் பகுதி என்று குறிப்பிட்டு வெளியிடுவீர்களா, எந்த இதழ், எந்தப் பக்கம், ரசீது தருவீர்களா’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். விடை எழுத்தில் வராவிட்டால் அந்த எண்ணை நீக்கிவிட்டு, அதே தொகையை முகவீணை வாசித்தவருக்கும் மிருதங்கம் வாசித்தவருக்கும் அடுத்த ஒலிப்பதிவுக்கான முன்பணமாகக் கொடுங்கள்.