சிப்பிப்பாறை நாயை வீட்டில் வளர்க்கலாமா? எலும்பும் தோலுமாக இருக்கும், கடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

தாராளமாக வளர்க்கலாம், தெருப்பக்கம் கேட்டை ஒழுங்காகப் பூட்டுகிற வீடு என்றால்.

முதலில் அந்த எலும்பு விஷயம். எங்கள் நாயைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "சோறு போடுறீங்களா, இல்லையா?" என்றுதான். நன்றாகச் சாப்பிட்ட சிப்பிப்பாறைக்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியும். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள்: கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்களின் உடல்வாகே அப்படி. கொழுக்க வைத்தால் மூட்டுக்குத்தான் கேடு. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து துருத்தினால் மட்டும் குடற்புழு இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் சில வகை மயக்க மருந்துகள் தெளிய ரொம்ப நேரம் ஆகும். ஆபரேஷனுக்குக் கொண்டுபோனால் டாக்டரிடம் என்ன இனம் என்று சொல்லிவிடுங்கள்.

பச்சைக் கறி போட்டால் வெறி வரும் என்பது சும்மா கதை. வெறிநோய் வைரஸால் வருவது, தீனியால் அல்ல. கடிப்பதைப் பற்றி: புது ஆளிடம் ஒட்டாது, எழுந்து தள்ளிப்போய்ப் படுக்கும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தால் எந்த நாயும்தான் சிடுசிடுக்கும்.

உண்மையான சிக்கல் அதன் கண். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் முயல் துரத்தவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் இது. ஓடுவது எதுவானாலும் அதற்கு முயல்தான். பூனை, கோழி, காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை கூட. முதலில் சிலை போல நிற்கும், காது விறைக்கும், ஒரு முன்னங்கால் தரையை விட்டு லேசாக எழும்பும். அந்த நொடியில் கயிறு கையில் இருந்தால் பிழைத்தீர்கள். கிளம்பிய பிறகு பெயர் சொல்லிக் கத்தினால் காதிலேயே ஏறாது, ரோட்டில் லாரி வருவதும் தெரியாது. சாதாரண கழுத்துப்பட்டையும் உதவாது. கழுத்தைவிடத் தலை ஒடுக்கம், பின்னால் ஒரு இழு இழுத்தால் உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் தானே இறுகும் அகலப் பட்டை வாங்குங்கள். நாலடிச் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் நாளெல்லாம் ஓட விடத் தேவையில்லை. வேகம் எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அடைப்புள்ள இடத்தில் காலையும் மாலையும் ஆசை தீர ஓடினால் மிச்ச நேரம் தூங்கியே கழிக்கும், அதுவும் உங்கள் கட்டிலில்.

அப்புறம், வேட்டைக்குப் பழக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவதும் குற்றம்தான். வனத்துறையிடம் சிக்கினால் அபராதம் மட்டுமல்ல, ஜெயிலும் உண்டு.